மலையகத்தில் ஆண்-ஆண் காதலை வைத்து உளவியல் திரில்லர் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில், அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவோடு 25 முதல் 40 நிமிடம் ஓடும் படம் எடுக்க நினைப்பவர்களுக்காக இது எழுதப்பட்டது. கதை இரண்டு ஆண்களின் காதல். வகை உளவியல் திரில்லர். இவை இரண்டும் ஒரே படத்தில் சேரும்போது எழுகிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

இந்தப் படத்தில் பயம் எங்கிருந்து வர வேண்டும்?

சுவரிலிருந்து. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான பழைய லயன்கள் பலவற்றில் ஒரு காம்பராவுக்கும் (அறைக்கும்) அடுத்ததற்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரை போவதில்லை. மேலே இருக்கும் இடைவெளி வழியாக இருமல், பாத்திரச் சத்தம், ரேடியோ, சண்டை எல்லாம் பக்கத்துக் காம்பராவுக்குப் போகும். காம்பரா ஏறக்குறைய பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, அதைத் தாண்டினால் எல்லோருக்கும் பொதுவான வாசல், தண்ணீர் பிடிக்கப் பொதுவான பீலி. இங்கே இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் விரும்பினால், "ராத்திரி ஒங்க காம்பராவுல பேச்சுச் சத்தம் கேட்டுச்சே தம்பி, யாரு வந்திருந்தா?" என்று பீலியடியில் ஒரு அக்கா சாதாரணமாகக் கேட்பதே போதும். அந்த அக்காவுக்கு எதுவுமே தெரியாமல் இருக்கலாம். தெரியுமா, தெரியாதா என்று அவனால் முடிவுக்கு வர முடியவில்லை. படம் முழுவதும் அந்தச் சந்தேகத்தில்தான் ஓட வேண்டும்.

பாழடைந்த பங்களா, மழை இரவு, வெள்ளைக்காரத் துரையின் ஆவி என்று தொடங்கும் திரைக்கதைகள் மலையகத்தை வெறும் திரைச்சீலையாக்கிவிடுகின்றன. உங்கள் கதையைக் கொழும்பு மாடிவீடு ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் மறுபடி எழுத வேண்டும்.

கொலைகாரனோ மிரட்டுகிறவனோ தன்பாலீர்ப்பாளனாக இருக்கலாமா? காதலன் கடைசியில் சாகலாமா?

இருக்கலாம். ஆனால் அவனுடைய ஈர்ப்பே குற்றத்துக்குக் காரணம் என்று கதை சொல்லக்கூடாது. அடக்கிவைத்த ஆசை வெறியாகிக் கொன்றுவிட்டான் என்ற திருப்பம் பல பத்தாண்டுகளாக அடிபட்டுத் தேய்ந்தது. திரில்லராகவும் அது தோற்கும். பார்ப்பவர் பத்தாவது நிமிடத்திலேயே ஊகித்துவிடுவார். மிரட்டுகிறவனுக்குச் சொந்தமாக ஒரு தேவையைக் கொடுங்கள்: கடன், வீடு கட்டக் கொடுக்கும் காணிக்கான பட்டியலில் பெயர், தேயிலைப் பெக்டரியில் காலியாகும் ஒரு வேலை. அந்தத் தேவை நியாயமாகவும் தோன்றினால் இன்னும் நல்லது.

சாவைப் பொறுத்தவரை எங்கள் கருத்து உறுதியானது. காதலர்களில் ஒருவரைக் கொன்று முடிக்காதீர்கள். அது காதலுக்குக் கொடுத்த தண்டனையாகத்தான் படும். இருவரும் உயிரோடு இருந்தால் எழுதுவது கடினமாகும்: விஷயம் வெளியே தெரிந்த மறுநாள் காலையும் இருவரும் வேலைக்கு ஆள் பிரிக்கும் அதே பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டுமே. அந்தக் காட்சியைத்தான் எழுத வேண்டும்.

எல்லாம் அவன் மனப்பிரமை என்று முடிக்கலாமா?

வேண்டாம். 'அவனுக்குத்தான் மனநோய்' என்று முடித்தால் ஈர்ப்பையும் நோயையும் பார்ப்பவர் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுவார். உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1990 மே 17இல் நீக்கியது. கதையில் வைத்தியர் ஒருவர் வந்தால் அவர் வாயில் பழைய 'சுகப்படுத்தலாம்' பேச்சு வருவது தவறல்ல, அப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் படம் அதை ஒத்துக்கொள்ளக்கூடாது.

அவனுடைய பார்வையை முழுக்க நம்பலாமா என்ற சந்தேகம் பார்ப்பவருக்கு வர வேண்டுமென்றால் ஒரு விதியைக் கடைசி வரை பிடித்துக்கொள்ளுங்கள்: அவன் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் கமரா காட்டும், அவற்றுக்கு அவன் கொள்ளும் அர்த்தம் மட்டும் தவறாக இருக்கலாம். நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டிவிட்டுப் பிறகு 'கனவு' என்றால் பார்ப்பவருக்குக் கோபம்தான் வரும்.

தற்கொலை எண்ணம் கதையில் வந்தால் முறையைக் காட்டாதீர்கள், வசனத்திலும் சொல்லாதீர்கள். படத்தின் முடிவில் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐத் தமிழில் எழுதிப் போடுங்கள்.

படம் எடுப்பதே சட்டப்படி குற்றமா?

இல்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365அ ஆகிய பிரிவுகள் செயல்களைத்தான் குற்றமாக்குகின்றன. 365அ முன்பு ஆண்களை மட்டும் குறித்தது. 1995 திருத்தத்தில் 'ஆள்' என்று மாறியதால் பெண்களும் அதற்குள் வந்தார்கள். அதற்கு இரண்டு வருடம் வரை சிறை. இந்தப் பிரிவுகளைத் திருத்த வந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்மானித்தது. ஆனாலும் பிரிவுகள் நீக்கப்படவில்லை.

திரைக்கதைக்கு இதில் ஒரு கூர்மையான முடிச்சு இருக்கிறது. பயமுறுத்திப் பணம் பறிப்பதும் குற்றம்தான், பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். ஆனால் முறைப்பாடு செய்யப் போகிறவன் தன்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். 'ஏன் பொலிஸுக்குப் போகவில்லை' என்று பார்ப்பவர் கேட்பார். பல திரில்லர்கள் அதை மழுப்பிவிட்டுப் போகும். உங்கள் கதையில் அதற்கு உறுதியான பதில் இருக்கிறது. பொலிஸ் நிலைய வாசல் வரை போய்த் திரும்பும் ஒரு காட்சியாக அதை வையுங்கள்.

30 நிமிடத்துக்குத் திரைக்கதையை எப்படிப் பிரிப்பது?

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று கணக்கிட்டு 30 பக்கம். மாதிரிக்கு ஒரு கதை. ஒருவன் பெக்டரியில் இரவு வேலை; மற்றவன் கொழுந்து லொறி ஓட்டுகிறான்.

முதல் 4 பக்கம் அவர்களுடைய வழக்கம். வெளியே 'அண்ணே', 'தம்பி'. காம்பராவுக்குள் குரலே இல்லாமல் பேசும் பழக்கம். ஐந்தாம் பக்கத்தில் தெரியாத இலக்கத்திலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு ஒலித்துண்டு வருகிறது. படமாக இருக்கக்கூடாது, ஒலிதான் வேண்டும்: அவர்கள் இருவரும் பேசிய 12 செக்கன். பக்கம் 9 முதல் 17 வரை பெக்டரிக்காரன் சந்தேகப்படுகிறான்: இந்தப் பக்கத்துக் காம்பராவா, அந்தப் பக்கமா, டவுனில் போன் திருத்தக் கொடுத்த கடையா? ஒலித்துண்டின் பின்னணியில் ஒரு சுவர்க் கடிகாரம் அடிக்கிறது. அந்தக் கடிகாரம் யார் வீட்டில் இருக்கிறது என்று தேடித் தேடி ஒவ்வொரு காம்பராவுக்கும் ஏதோ காரணம் சொல்லிப் போகிறான். போகப் போக அவன் நடத்தையே லயனில் பேச்சாகிறது; பயம் அவனைக் காட்டிக்கொடுக்கத் தொடங்குகிறது. இந்தப் பகுதிக்குத் தாராளமாக இடம் கொடுங்கள்.

பக்கம் 23 அளவில் உண்மை: துண்டில் எதிரொலி மிகக் குறைவு, குரல்கள் கிட்டே இருக்கின்றன. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதிவானதல்ல. சொந்தக் காம்பராவுக்குள்ளேயே பதிவானது. யார் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். அம்மா என்றால் வலி அதிகம். லொறிக்காரன் என்றால் காதல் கதையே தலைகீழாகும், ஆனால் மேலே சொன்ன பழைய குழியில் விழும் ஆபத்தும் உண்டு.

தடயம் மூன்று போதும். ஒன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் அகலமான ஷொட்டில் கண்ணெதிரே இருக்க வேண்டும். ஒன்று வசனத்தில். ஒன்று சத்தத்தில். அடிக்கடி பிழைக்கும் இடம் முதலாவதுதான்: தடயத்துக்குக் குளோஸ்அப் வைத்ததும் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

காமன் கூத்தைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், இந்தக் கதைக்கு அது இயல்பாகவே பொருந்தும். மாசியில் கம்பம் ஊன்றித் தொடங்கும் கூத்தில் ரதியாகவும் மதனாகவும் ஆண்களே வேடம் கட்டுவது மலையக மரபு. சிவனின் கண்ணில் மதன் எரியும் தகன இரவில் லயன் முழுவதும் கூத்துத் திடலில் நிற்கும். தப்பு மேளத்தின் சத்தம் மலையெங்கும் அதிரும். காம்பராக்கள் காலி. இருவரும் வாய்விட்டுப் பேசக்கூடிய ஒரே இரவு அது. இன்னொருவர் காம்பராவுக்குள் நுழையக்கூடிய இரவும் அதுதான்.

உண்மையான கூத்து நடக்கும்போது நடிகர்களை உள்ளே நுழைக்காதீர்கள். வேடம் கட்டுகிறவர்கள் விரதமிருப்பார்கள்; அது வழிபாடு. கூத்து மாஸ்டரிடம் கேட்டு, திடலின் ஓரத்திலிருந்து அகலமான ஷொட்டும் ஒலியும் மட்டும் எடுங்கள். நெருக்கமான ஷொட்டுகளை வேறொரு நாளில், அவர்கள் சம்மதித்தால், தனியாகக் கட்டிய திடலில் எடுக்கலாம். ரதி வேடக்காரரைக் கதையின் 'சந்தேகத்துக்குரியவர்' ஆக்காதீர்கள். நாளை அவர் தோட்டத்தில் நடமாட வேண்டும்.

தோட்டத்தில் யாரிடம் அனுமதி கேட்பது? கதையை மறைத்துக் கேட்கலாமா?

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியாரிடம் போன பிறகு பெரும்பாலானவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கீழ் உள்ளன. தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். பிறகு தோட்ட முகாமையாளர். அதன் பிறகு தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர்மாரையும் கோயில் கமிட்டியையும் பாருங்கள். முதல் இரண்டை மட்டும் செய்துவிட்டு மூன்றாவதை விட்டால், இரண்டாம் நாள் மத்தியானம் படப்பிடிப்பு நின்றுவிடும். பொலிஸ் நிலையத்துக்கும் கடிதப் பிரதி ஒன்று கொடுங்கள். நீர்த்தேக்க அணைகளில் காவல் உண்டு, தனி அனுமதியின்றிக் கமராவைத் தூக்காதீர்கள். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

கதையை மறைக்கக்கூடாது. 'தொழிலாளர் பிரச்சினைப் படம்' என்று சொல்லி எடுத்துவிட்டுப் பிறகு உண்மை தெரிந்தால், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. உங்களைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்திய உள்ளூர்த் தம்பிதான் மாட்டிக்கொள்வான். 'இரண்டு ஆம்பிளைங்க ஒருத்தர ஒருத்தர் விரும்புறாங்க, அத வச்சு ஒருத்தர் மெரட்டுறாரு, அதுதான் கத' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். மறுக்கிற தோட்டம் மறுக்கட்டும். வெளிக்காட்சியில் முகம் தெரியும் ஒவ்வொருவரிடமும் தமிழில் எழுதிய சம்மதப் படிவம் வாங்குங்கள், வாசித்தும் காட்டுங்கள்.

உண்மையான லயன் காம்பராவுக்குள் எடுக்கலாமா?

வெளிப்புறம், இஸ்தோப்பு, வாசல், பீலி ஆகியவற்றை அங்கே எடுங்கள். உட்புறத்துக்கு செட் போடுங்கள். இருக்கிற குடும்பத்தை வெளியேற்றிவிட்டு அவர்கள் படுக்கும் இடத்தில் காதல் காட்சி எடுப்பது முறையல்ல. தொழில்ரீதியாகவும் கஷ்டம்: பத்தடி அறையில் கமரா பின்வாங்க இடமில்லாமல் 20 மில்லிமீற்றர் லென்ஸுக்குப் போவீர்கள், கிட்டே வரும் முகம் வீங்கித் தெரியும்.

டவுனில் ஒரு கூடமோ பாவிக்காத களஞ்சியமோ போதும். நீளப்பக்கம் ஒன்றும் அகலப்பக்கம் இரண்டும் சேர்ந்த மூன்று சுவருக்கு 32 அடி நீளம்; எட்டடி உயரத்துக்கு எட்டுக்கு நாலு பிளைவூட் எட்டுப் பலகை. பின்னால் இரண்டு அங்குலச் சட்டம். பக்கத்துக் காம்பராவைப் பார்த்த சுவரை மட்டும் ஏழடியில் வெட்டி நிறுத்துங்கள். அந்த ஓரடி இடைவெளிதான் உங்கள் படத்தின் வில்லன். கீழிருந்து மேலே பார்க்கும் ஷொட்டில் அடிக்கடி வரட்டும். பலகையில் நேராகப் பெயின்ட் அடித்தால் தட்டையாகத் தெரியும். முதலில் சீமெந்துக் குழம்பை மெல்லப் பூசி, காய்ந்தபின் சுண்ணாம்பு, அதன் மேல் நீலம். அடுப்பு மூலையில் மேல்நோக்கிக் கரி தடவுங்கள். புகை ஏறும் திசை பிழைத்தால் ஊர்க்காரர் உடனே கண்டுபிடிப்பார். நான்காவது பக்கம் திறந்திருப்பதால் 35 அல்லது 50 மில்லிமீற்றர் லென்ஸைத் தாராளமாகப் பாவிக்கலாம்.

சத்தத்தை எப்படிப் பதிவது?

இதற்குத்தான் காசையும் நேரத்தையும் அதிகம் ஒதுக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில். ஸ்வெட்டருக்குள் வைக்கும் சின்ன மைக் உரசும், ஆகவே மருத்துவப் பிளாஸ்டரால் இரண்டு பக்கமும் ஒட்டி, வயரில் ஒரு சின்ன வளையம் விட்டு நெஞ்செலும்பின் மேல் பொருத்துங்கள். குரலே இல்லாமல் பேசும் காட்சிகளில் அதை நம்பாதீர்கள். கோலில் கட்டிப் பிடிக்கும் பூம் மைக் வாயிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும்.

பக்கத்துக் காம்பராச் சத்தத்தை எடிட்டிங்கில் செய்யும்போது எல்லோரும் விடும் பிழை ஒன்று. 'சுவருக்கு அப்பால்' என்று 600 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ள எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள். அது மூடிய கொங்கிரீட் வீட்டின் சத்தம். இங்கே சத்தம் சுவருக்கு மேலால் வருகிறது, தகரத்தில் பட்டுத் திரும்புகிறது. ஆகவே 3000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரை விடுங்கள், ஒலியளவைக் குறைத்து, குட்டையான எதிரொலி சேருங்கள். அப்போது சொற்கள் புரியும். அவர்கள் பேசுவது இவனுக்குச் சொல் சொல்லாகப் புரிகிறது என்றால், இவன் பேசியதும் அவர்களுக்கு அப்படியே புரிந்திருக்கும். வசனமே இல்லாமல் பார்ப்பவர் இதை உணர்ந்து நடுங்குவார்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனம் போச்சு. செட் கூடத்துக்கும் தகரக் கூரையென்றால் மேலே சாக்குகளை இரண்டு மடிப்பாகப் பரப்பிக் கட்டினால் துளியின் அடி மங்கும். அஸ்பெஸ்டஸ் கூரையில் ஏறாதீர்கள், உடைந்து விழுவீர்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் அசையாமல் 60 செக்கன் வெறும் சூழல் ஒலியைப் பதியுங்கள்.

பின்னணி இசை அவசியமில்லை. அலன் கிரோடியின் 2013 பிரெஞ்சுப் படமான 'ஸ்ட்ரேஞ்சர் பை த லேக்' இதே வகைதான். ஓர் ஏரிக்கரையை விட்டு நகராமல், இசை சேர்க்காமல், காற்றும் தண்ணீரும் இலையும் கொண்டே பயத்தைக் கட்டுகிறது.

எந்த மாதத்தில் எடுப்பது? மூடுபனியை எப்படிச் சமாளிப்பது?

அட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை விடாது. ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. காமன் கூத்தும் அந்த நேரத்தில்தான். பதுளை, பசறைப் பக்கம் நேர்மாறு: வருடக் கடைசியில் வடகீழ் மழை, ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்து கிடக்கும், ஆனால் காற்று மைக்கைத் தின்னும். மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் காலையும் மாலையும் பாருங்கள்.

மூடுபனி பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகு இறங்கும். வந்ததும் அகலமான ஷொட்டுகளை முதலில் முடியுங்கள். அது ஐந்து நிமிடத்தில் போய்விடும். குளோஸ்அப்பைப் பிறகு வெறும் மேகமூட்டத்திலும் எடுத்து ஒட்டலாம். கமராவின் மீற்றர் பனியைச் சாம்பலாக்கும், வெளிச்ச அளவை அரை முதல் ஒரு ஸ்டொப் கூட்டி வையுங்கள். முன்புறத்தில் ஒரு சவுக்கு மரமோ தேயிலைச் செடியோ கருமையாக இருந்தால்தான் ஆழம் தெரியும். குளிரிலிருந்து சூடான அறைக்குள் போகும்போது கமராவைப் பையை மூடியபடியே 30 நிமிடம் வைத்திருங்கள். உடனே திறந்தால் லென்ஸுக்குள் ஈரம் படியும், பிறகு பூஞ்சணம். மழைக்காலத்தில் அட்டை கடிக்காமலிருக்க உப்பு அல்லது சவர்க்காரம் காலுறையில் தடவுங்கள்.

விளக்கு மினுங்குகிறது, என்ன செய்வது?

இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. 24 பிரேம் வேண்டுமென்றால் ஷட்டர் கோணம் 172.8 பாகை. லயன் வயரிங்கில் பெரிய விளக்கைச் சொருகாதீர்கள். அடுத்த காம்பராக்களின் மின்சாரமும் போய்விடும். 60 வாட் எல்ஈடி பலகை இரண்டு, 150 வாட்-மணிப் பற்றரி நான்கு. ஒரு பற்றரி இரண்டு மணிநேரம் தாங்கும், குளிரில் கொஞ்சம் குறைவாக.

நெருக்கமான காட்சிகளை எப்படி எடுப்பது?

எழுத்தில் இருப்பதுதான் எடுக்கப்படும் என்று நடிகர்களோடு முன்பே ஒப்பந்தம் செய்யுங்கள்: எந்த இடத்தில் தொடுவது, எவ்வளவு உடை, எந்தப் பிரேம். உள்ளே இயக்குநர், கமரா, ஒலி, நடிகர்கள் மட்டும். எல்லோருடைய போனும் வெளியே. மொனிட்டரை வெளியே வைக்காதீர்கள். எவரும் எப்போதும் நிறுத்தலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. இந்த வகைப் படத்தில் முத்தத்தை விட, தேத்தண்ணிக் கோப்பையைக் கைமாற்றும்போது விரல் ஒரு கணம் தங்குவது அதிகம் சொல்லும். அந்தக் கணத்தில் சுவருக்கு அப்பால் ஒரு இருமலை வையுங்கள்.

திரையிட என்ன வேண்டும்?

இலங்கையில் பொதுத் திரையிடலுக்கு, தணிக்கைச் சபை என்று எல்லோரும் சொல்லும் பொது அரங்காற்றுகைச் சபையின் சான்றிதழ் வேண்டும். 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. வயது வந்தோருக்கு மட்டும் என்ற சான்றிதழுக்குத் தயாராக இருங்கள். விழாக்களில், தன்பாலீர்ப்புப் படங்களுக்கான மும்பையின் கஷிஷ், சென்னையின் ரீல் டிசையர்ஸ், இவற்றோடு யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா ஆகியவற்றைப் பாருங்கள். தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகக் கொழும்பில் 2004 முதல் இயங்கும் ஈகுவல் கிரவுண்ட் அமைப்பிடம் திரைக்கதையை முன்பே காட்டிக் கருத்துக் கேட்கலாம். சிங்களத் துணைவசனம் கட்டாயம் போடுங்கள்: இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு 40 எழுத்துக்குள்.

படம் வெளியான பிறகு நடிகர்களுக்குத் தொல்லை வந்தால்?

வரும் என்று வைத்தே திட்டமிடுங்கள். சுவரொட்டியிலும் முன்னோட்டத்திலும் முகம் வரலாமா என்பதை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதுங்கள். பெயரை மாற்றிப் போட விரும்பினால் மாற்றிக் கொடுங்கள். நெருக்கமான காட்சிகளின் வெட்டாத கோப்புகளை எடிட்டர் ஒருவரிடம் மட்டும் கடவுச்சொல்லோடு வையுங்கள். இறுதிப் பிரதி முடிந்து மூன்று மாதத்தில் அழியுங்கள், அழித்ததை நடிகர்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள். இணையத்தில் முழுப் படத்தையும் ஏற்றுவதற்கு முன் இருவரிடமும் மறுபடி கேளுங்கள். படப்பிடிப்பின்போது சரி என்றவர் ஒரு வருடத்துக்குப் பிறகு வேறு நிலைமையில் இருக்கலாம்: கல்யாணப் பேச்சு, அரசாங்க வேலை, வெளிநாட்டு விசா. அவர் வேண்டாம் என்றால் விழாக்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.